ஆய்க்குடி உலகம்மாள் எழுதியது

சத்தியம்! குற்றாலத்துத் தண்ணீர் மேல் சத்தியம், இன்றைக்கு மத்தியானம் நான் தின்ற சோற்றின் மேல் சத்தியம், இதில் ஓர் எழுத்து பொய் என்றாலும் இந்த நாக்கு அழுகிப்போகட்டும். கோமதிநாயகத்தின் மனசுக்குள் ஓடினது உமக்கு எப்படிவே தெரியும் என்று நடுவில் கேட்கக் கூடாது. தெரியும், அவ்வளவுதான். தென்காசியில் ஆவுடையப்பன் உரக்கடை மாடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வாசகர் வட்டத்துக் கூட்டத்தில் நடந்த சங்கதி இது. நடந்தது என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள், மூன்று பேர் பேசினார்கள், ஒருத்தர் எழுந்து நின்றுவிட்டு மறுபடி உட்கார்ந்தார். அவ்வளவுக்குத்தான் இவ்வளவு சத்தியம்.

சாரல் என்றால் அன்றைக்குச் சும்மா சாரல் இல்லை. மேலேயிருந்து விழாமல் பக்கவாட்டில் நடந்து வந்து, கடைவாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, மாடிப்படி ஏறி, ஆளோடு ஆளாக வட்டத்தில் உட்கார்ந்த சாரல். கோமதிநாயகம் வேட்டி நுனியைப் பிழிந்துவிட்டு வழக்கமான இரும்பு நாற்காலிக்குப் போனார். ஜெபக்கனி டீச்சர் எழுந்து, தன்னுடைய மெத்தை வைத்த நாற்காலியைக் காட்டி, "இதுல இருங்க அண்ணாச்சி" என்றாள். அதிலேயே அவருக்குப் பாதி உயிர் போய்விட்டது. கலெக்டரே வந்தாலும் நின்னுட்டுப் போகட்டும் என்று சொல்கிற டீச்சர், இத்தனை வருஷத்தில் அந்த நாற்காலியை ஒருத்தருக்கும் விட்டதில்லை. பெண்டாட்டி செத்த ஆம்பிளைக்கு உடனே இடுப்பெலும்பு வெளியே வந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. உட்கார்ந்தார். மெத்தை சூடாக இருந்தது. அந்தச் சூடு பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று எழுந்திருக்கவும் தைரியமில்லை. கீழேயிருந்து வேப்பம்புண்ணாக்கும் பூச்சிமருந்தும் கலந்து வாசனை ஏறியது. கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனால் இதே வாசனை சட்டையோடு வரும். "வந்துட்டியளா, உரம் போட்டாச்சா? இனி கிடுகிடுன்னு வளந்துருவிய" என்பாள் அவர் சம்சாரம், இருந்த காலத்தில். இன்றைக்கும் சட்டையில் ஏறத்தான் செய்கிறது. கொண்டுபோய் யார் மூக்கில் காட்ட? அந்த நினைப்பை அங்கேயே நிறுத்தினார். அது நின்ற மாதிரி நின்றுவிட்டு, அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து நனைந்த நாய் மாதிரி படுத்துக்கொண்டது.

வட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம். சமீபத்தில் வாசித்த புத்தகத்தைக் கையோடு கொண்டுவர வேண்டும். கதைச்சுருக்கம் சொல்லக் கூடாது. பிடித்த இடம் ஒன்றே ஒன்றைத் திறந்து சத்தமாக வாசித்துவிட்டு, அது ஏன் பிடித்தது என்று சொல்ல வேண்டும். 'இடம் வைக்கிறது' என்று அதற்குப் பேர். சீட்டு இறக்குகிற மாதிரி ஒருத்தர் இடம் வைப்பார், மற்றவர்கள் கிழிப்பார்கள். வழக்கமாக ஆளுக்கொரு புத்தகம் வரும். இன்றைக்கு மூன்று பேர் மடியிலும் ஒரே புத்தகம்: ஆய்க்குடி உலகம்மாள் எழுதிய 'கைக்கு அளவு'. ஊர் ஊராக வளையல் விற்கப் போகிற ஒருத்தியின் கதை. புத்தகம் வந்த புதிதில் இதே மாடியில் இதே ஆட்கள் அதைக் கிழி கிழி என்று கிழித்து வேப்பம்புண்ணாக்கு மூட்டைக்குள் போட்டிருந்தார்கள். கோமதிநாயகமும் சேர்ந்துதான் கிழித்தார். சொல்லப்போனால் அவர் கிழித்ததுதான் அதிகம். அதில் அவருக்கு ஒரு குஷி. ஏனென்றால் அதை எழுதினவரே அவர்தான்.

இதில் கள்ளத்தனம் ஒன்றும் பெரிதாக இல்லை என்று அவர் தனக்குத்தானே இப்போதும் சொல்லிக்கொண்டார். கரண்ட் ஆபீஸில் வேலை பார்த்த காலத்தில் சொந்தப் பேரில் அனுப்பின கதையெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன. "சார் கதைக்கு வீட்டு ஞாபகம் ஜாஸ்தி" என்று தபால்காரர் சிரிப்பார். ஒருநாள் அதே கதையை, ஒரு கமாவைக்கூட நகர்த்தாமல், சம்சாரத்தின் பேரையும் அவள் பிறந்த ஊரையும் சேர்த்துப் போட்டு அனுப்பினார். பத்திரிகையில் படத்தோடு அச்சாகி வந்துவிட்டது. பெண்டாட்டி பேரில் எழுதுகிறது உலகத்தில் இல்லாததா? அப்படியே நின்றுபோயிற்று. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வர என்ன இருக்கிறது? அவள் பேர் யாருக்குத் தெரியும்? அவர் கூப்பிடுவது 'ஏளா'. சுகாதார நிலையத்து வேலையாக மொபெட்டிலும் பஸ்ஸிலும் அவள் சுற்றின கிராமமெல்லாம் கூப்பிடுவது 'நர்ஸம்மா'. வட்டத்து ஆட்களுக்கு 'மதினி'. சிநேகிதன் பெண்டாட்டியின் பேரைக் கேட்கிற பழக்கம் நம்மிடம் எங்கே இருக்கிறது? அவள் போன அன்றைக்கு, ஆய்க்குடி மச்சினன்மார்கள் தங்கள் ஊர்ப் பெருமையை விட்டுக்கொடுக்காமல், ஆய்க்குடி உலகம்மாள் என்று பானை பானையாக எழுத்துப் போட்டு போஸ்டர் அடித்து ஒட்டினார்கள். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் அதை வாசித்த ஆவுடையப்பன் நடுரோட்டில் நின்று தலையில் அடித்துக்கொண்டாராம். பாடை கட்டுகிற இடத்துக்கு ஓடி வந்து கையைப் பிடித்து, "அண்ணாச்சி, மதினிதான் அந்த உலகம்மாள்னு தெரியாமப் போச்சே! புருசனப் பக்கத்துல வச்சிக்கிட்டா அந்தக் கிழி கிழிச்சோம்? ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?" என்று கதறினார். எது என்னவென்று கோமதிநாயகத்துக்கு அப்போது விளங்கவில்லை. விளங்கினபோது மூங்கிலைத் தோளில் ஏற்றியாயிற்று. அந்த நேரத்தில் போய், அவள் இல்லடே, நான்தான் என்றா சொல்ல முடியும்?

இன்றைக்குச் சொல்லலாம். அதற்குத்தான் வந்திருக்கிறார். வீட்டில் மேஜை மேல் இன்னொரு நாவல் பாதியில் கிடக்கிறது. அவர் எழுதினதிலேயே அதுதான் தேறும். ஆனால் உலகம்மாள் செத்துப்போனாள் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. செத்தவளுக்குப் புதுப் புத்தகம் எப்படி வரும்? கோமதிநாயகம் என்ற பேரில் வந்தால் அவர் யார்? பெண்டாட்டி போனதும் அவள் பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்ட கிழவன். ஆக, சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் சொல்ல என்ன பாத்தியதை? இந்த இடத்தில்தான் நினைப்பு முள்வேலியில் வேட்டி மாட்டின மாதிரி மாட்டிக்கொள்கிறது. கதையெல்லாம் அவள் கொண்டுவந்தது. வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டே, வெங்காயம் உரித்துக்கொண்டே, அந்தந்த வீட்டில் பார்த்ததைச் சொல்லுவாள். அவர் நர்ஸை வளையல்காரியாக மாற்றி, ஊசியை வளையலாக மாற்றி எழுதுவார். முதல் கதை அச்சில் வந்தபோது அவளிடம் காட்டினார். நின்றவாக்கிலேயே வாசித்துவிட்டு, "நான் சொன்னதத்தான எழுதியிருக்கிய? இதுல கதை எங்க இருக்கு?" என்றாள். கேலியா, நெசமா? இத்தனை வருஷம் கேலி என்றே வைத்துக்கொண்டார். இப்போது கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. அதனால் படியேறும்போது ஒரு பந்தயம் கட்டினார், தன்னோடு தானே: இந்த மூன்று பேரில் ஒருத்தராவது, அவள் வாயிலிருந்து வராத இடம், முழுக்க முழுக்க என் சொந்த இடம், ஒன்றை வைத்தால் போதும், எழுந்து நின்று நான்தான் என்று சொல்லிவிடுவேன். மூன்று பேரும் அவள் சொன்னதையே வைத்தால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போய், பாதி நாவலைக் கட்டிப் பரண் மேல் போட்டுவிடுவேன். கட்டும்போது எளிதாகத்தான் இருந்தது. உட்கார்ந்த பிறகு ஏன் கட்டினோம் என்று இருக்கிறது.

ஆவுடையப்பன் தொண்டையைக் கனைத்தார். உரக்கடைக்காரர் கனைத்தால் கீழே வேலை பார்க்கிறவன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பான், அப்படி ஒரு கனைப்பு. "மொதல்ல நான் மன்னிப்புக் கேக்கணும். வளையக்காரி கதையில வளையச் சத்தமே கேக்கலன்னு அன்னிக்கு நாந்தான் சொன்னேன். வாய்க்கொழுப்பு. இந்த வாரம் எடுத்து வாசிச்சா பக்கத்துக்குப் பக்கம் கலகலங்குது அண்ணாச்சி. மதினி பெரிய எழுத்தாளரா இருந்தாவ." இருந்தாவ. அந்த 'தாவ' கோமதிநாயகத்தின் காதில் ஈரத்துணி மாதிரி விழுந்தது. சத்தம் எங்கிருந்து வந்ததுடே திடீரென்று? புத்தகம் மாறவில்லை. செத்துப்போனதும் வளையல் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடுமா? பொய் சொல்லுகிறான். இரக்கப்பட்டுச் சொல்லுகிற பொய். வாசித்தவன் வாயிலிருந்து இப்படி ஒரு பொய் வந்தால் எழுதினவனுக்கு அது இரண்டாவது மூங்கில். ஆவுடையப்பன் இடத்தைத் திறந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார்: "வளைகாப்பு வீட்டில் எல்லாரும் அவள் வயிற்றைப் பார்த்தார்கள். அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்." மூடினார். "இந்த ரெண்டு வரிக்கு என்ன குடுத்தாலும் தகும். ஒரு ஆம்பளையால இத எழுத முடியுமாங்கேன்?"

முடியாதுதான். எழுதவில்லைதான். அவள் சொன்னது. பண்பொழிப் பக்கம் ஏதோ ஒரு வீட்டுக்குப் போய்விட்டு வந்து, ஈரச் சேலையைக் கொடியில் போட்டுக்கொண்டே சொன்னாள். எல்லாரும் வயித்தப் பாக்காவ, அது வாசலப் பாக்குது. சொன்ன உடனே அவர் எழுந்து மேஜைக்கு ஓடினார், மறந்துவிடுமே என்று. அவள் மீதியை அவர் முதுகிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மீதி என்ன? அந்தப் பிள்ளை யாருக்காக வாசலைப் பார்த்தது? பிறந்த வீட்டில் சண்டையா, ஆத்தாக்காரி வரவில்லையா, அண்ணனா? கடைசியில் யாராவது வந்தார்களா? கேட்கவில்லை. வரி கிடைத்துவிட்டது, போதும் என்று இருந்துவிட்டார். முதுகில் வந்து விழுந்த பேச்சில் ஒரு சொல்லாவது ஒட்டியிருக்குமா என்று இப்போது தடவிப் பார்க்கிறார். 'அப்புறம் பாத்தா' என்று ஒரு குரல் வருகிறது. அப்புறம் பார்த்தால்? அதற்கு மேல் வரமாட்டேன் என்கிறது. அப்புறம் பாத்தா, அப்புறம் பாத்தா என்று மழைத்தண்ணீர் ஓட்டைத் தகரத்தில் சொட்டுகிற மாதிரி அது மட்டும் விழுகிறது. உலகத்தில் அந்த வாசலில் என்ன நடந்தது என்று தெரிந்த ஒரே ஆள் போய்விட்டாள். சீட்டு ஒன்று போச்சு என்று அவர் விரலை மடக்கினார்.

அடுத்தது உதுமான் பாய். மேலரத வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை. இந்த ஊரில் பாதிப் பேர் அவர் கண்ணாடி வழியாகத்தான் பாதிப் பேரைப் பார்க்கிறார்கள். பாய் மேல் கோமதிநாயகத்துக்கு உள்ளூர ஒரு நம்பிக்கை உண்டு. ஏனென்றால் பாய்தான் அன்றைக்குக் குதிரையைப் பிடித்தவர். காலம் என்னும் நொண்டிக் குதிரை என்று நாவலில் ஓர் இடம். அது போக நினைவென்னும் குதிரை, பசியென்னும் குதிரை என்று அங்கங்கே நாலைந்து உருப்படி. அவ்வளவும் கோமதிநாயகத்தின் சொந்தத் தொழுவத்துக் குதிரைகள். "குதிரையெல்லாம் அவுத்து விட்டுட்டா புத்தகம் பாதியாயிரும்வே. வளையக்காரிக்கு எதுக்கு இத்தன குதிர? அவ என்ன ஜமீனா?" என்று பாய் கேட்டதில் அன்றைக்கு மாடியே குலுங்கியது. கோமதிநாயகம் எல்லாரையும்விட சத்தமாகச் சிரித்தார். வீட்டுக்குப் போய் அதை அவளிடம் சொன்னார். அதுதான் அவர்களுக்குள் ஒரு விளையாட்டு. கூட்டம் முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பாள்: "இன்னிக்கு என்னைய என்ன சொன்னாவ?" அவள்தானே உலகம்மாள், திட்டும் அவளுக்குத்தானே சேரும். ஒன்றுவிடாமல் சொல்லுவார். குதிரைக் கதையைக் கேட்டுவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "பாய் சொன்னது சரிதான். நான் எந்தக் காலத்துல குதிரையப் பாத்தேன்? எம் பேருல குதிரைய ஏத்திவிட்டது யாரு?" அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அதைக்கூட இறக்காமல் சிரித்தாள். இருக்கட்டும், சிரிக்கட்டும். இன்றைக்குப் போய்க் கதவைத் திறந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? என்னைய என்ன சொன்னாவ? ஏளா, உன்னை நல்லாச் சொன்னாவ, எல்லாரும் நல்லாச் சொன்னாவ. ஒருத்தர்கூடக் கிழிக்கல.

"குதிரய நான் தப்பாப் பேசிட்டேன்" என்று ஆரம்பித்தார் பாய். கோமதிநாயகத்தின் முதுகு தானாக நிமிர்ந்தது. நெஞ்சு, சொன்னால் நம்பமாட்டீர், சட்டைப் பொத்தானில் வந்து மோதியது. கால் இரண்டும் தரையில் ஊன்றிவிட்டன. வை, பாய். அந்த நொண்டிக் குதிரையையாவது வை. நொண்டியானாலும் என் குதிரை. "ரெண்டாந்தடவ பாக்கும்போது குதிரையும் நல்ல குதிரையாத்தான் இருக்கு. கொள்ளு தின்ன குதிர. ஆனா நான் வைக்க எடம் அது இல்ல." மறுபடி நாற்காலியில் சாய்ந்தார். பாய் பக்கத்தைப் புரட்டி, தான் விற்ற கண்ணாடியையே தான் போட்டுக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி வாசித்தார்: "அந்த வீட்டில் முகம் வெளியே வராது. தண்ணீர்ச் சொம்போடு கை மட்டும் கதவிடுக்கில் நீளும். நகம் வெளுத்திருக்கும். பெரிய அளவு வளையல்தான் வேணும் என்று உள்ளேயிருந்து குரல் கேட்கும். சின்ன அளவே அந்தக் கையில் ஊஞ்சலாடும்." பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நர்ஸா இருந்தாவல்லா, அதான். நகத்தப் பாத்தே ரத்தம் இல்லன்னு தெரிஞ்சிருக்கு. அத நேரடியாச் சொல்லாம வளையல்ல சொல்லிட்டாவ பாருங்க."

வளையலில் சொன்னது நான், என்று ஒரு குரல் கோமதிநாயகத்துக்குள் முணுமுணுத்தது. ஊஞ்சல் என்னுடையது. அதற்கு அவரே பதில் சொன்னார்: ஊஞ்சல் உன்னுடையதுதான், கை அவள் பார்த்ததுதானே? கை இல்லாமல் ஊஞ்சலை எங்கே கட்டுவாய்? இந்தப் பந்தயத்தில் ஏமாற்றக் கூடாது. இரண்டாவது விரலையும் மடக்கினார். மடக்கும்போது நகம் கண்ணில் பட்டது. அவருடைய நகம், நல்ல சிவப்பு. அவளுடைய நகம் எப்போது வெளுத்தது? ஊரில் இருக்கிற கதவிடுக்கெல்லாம் பார்த்து, நீ கீரை தின்னு, நீ மாத்திரை போடு என்று சொன்னவளின் நகத்தை யார் பார்த்தார்கள்? அவர் பார்த்தாரா? நகம் வெளுத்திருக்கும் என்று எழுதிக்கொண்டிருந்த அன்றைக்கே, டம்ளரில் காபியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்த கை ஒன்று இருந்திருக்குமே. அந்தக் கை என்ன நிறத்தில் இருந்தது? நினைவில் காபி இருக்கிறது. நுரை இருக்கிறது. டம்ளரைப் பிடித்த விரல் இல்லை. முதன்முதலாக அவள் நகத்தை அவர் பார்த்தது ஆஸ்பத்திரியில், விரல்நுனியில் சின்னக் கிளிப் மாட்டுகிறபோது. துணி காயப்போடுகிற கிளிப் மாதிரி இருக்கே என்று நினைத்தார். அதற்குப் பக்கத்தில் விரல் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. அப்போதும், சுண்ணாம்பு மாதிரி என்பது நல்ல உவமைதானா, பழசா என்று மனசு ஓர் அடி எட்டி வைத்தது. அந்த ஓர் அடி. அந்த அடியை யாரிடமும் சொன்னதில்லை. சாரல் ஜன்னல் வழியாக முகத்தில் அடித்தது. துடைத்துக்கொள்ள வசதியாகப் போயிற்று.

இனி டீச்சர்தான். ஜெபக்கனி டீச்சர் கெட்டி. அவள் வைக்கிற இடத்தில் எண்ணெய் இருக்காது, உப்பு இருக்கும். அன்றைக்கு இந்தப் புத்தகத்தைப் பற்றி அவள் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "எழுதுனவுகளுக்குப் பொம்பளையோட கால்வலி தெரியுது, மனசு தெரியல." வீட்டில் போய்ச் சொன்னபோது சம்சாரம் சிரிக்கவில்லை, "டீச்சர் கெட்டிக்காரி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் அப்போது நோண்டவில்லை. நோண்டியிருக்கலாம். இப்போது பயமாக இருந்தது. டீச்சரும் இரக்கப்பட்டுப் புகழ்ந்துவிட்டால்? அந்த மெத்தை நாற்காலியைக் கொடுத்தவள் இடத்தையும் மெத்தையாகத்தான் வைப்பாள். அப்படியானால் கதை முடிந்தது, பரண்தான். முடியட்டுமே. முடிந்தால் நல்லது என்றுகூட ஒரு பக்கம் தோன்றியது. பந்தயத்தில் தோற்றால் எழுந்து நிற்க வேண்டாம். பேச வேண்டாம். பேசினால் இவர்கள் முகத்தில் என்ன வரும்? செத்த பெண்டாட்டியிடம் இருந்து பிடுங்குகிறான் பாரு என்றுதானே? ஆனால் இன்னொரு பக்கம், குழந்தை கடைத்தெருவில் உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்கிற மாதிரி ஒன்று உள்ளே உட்கார்ந்திருந்தது. ஒன்றே ஒன்று. இத்தனை வருஷத்தில் என்னுடையது ஒன்றே ஒன்று நன்றாக இருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும்.

"செத்துப் போனதால புத்தகம் மாறிராது" என்றாள் டீச்சர். ஆவுடையப்பன் பதறிப்போய், "டீச்சர்!" என்றார். "என்ன டீச்சர்? இவரு என்ன கண்ணாடிப் பாத்திரமா? அண்ணாச்சி, நான் அன்னிக்குச் சொன்னது சொன்னதுதான். பாதிப் புத்தகத்துல மனசு இல்ல. அத மாத்திச் சொன்னா உங்க வீட்டம்மாவுக்குத்தான் மரியாதக் கொறச்சல்." கோமதிநாயகத்துக்குச் சாயங்காலம் முழுவதும் இறுகியிருந்த தாடை அவிழ்ந்தது. அம்மாடி. ஒருத்தி உண்மை பேசுகிறாள். அவள் கையைப் பிடித்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. "ஆனா ஒரு எடத்த அன்னிக்கு நான் தாண்டிப் போயிட்டேன். அத மட்டும் இன்னிக்கு வைக்கேன்." புத்தகத்தில் பஸ் டிக்கெட்டை அடையாளமாகச் செருகியிருந்தாள். எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பில் வாசிக்கிற குரலை விட்டுவிட்டு, வீட்டில் பேசுகிற குரலில் வாசித்தாள்: "கடைசி பஸ் என்னை இறக்கிவிட்டுப் போயிற்று. சாரல். தெருமுனையில் நின்று பார்த்தேன். ஊரில் எத்தனையோ வீட்டில் விளக்கு எரியத்தான் செய்கிறது. என் பேரைச் சொல்லி எரிகிறது ஒன்றுதான். அதைப் பார்த்த பிறகு தலையில் வளையல் பெட்டி கனக்கவில்லை."

கோமதிநாயகத்துக்கு உடம்பெல்லாம் சில்லென்று ஆயிற்று. இது அவருடையது. இதில் ஒரு சொல்கூட அவள் சொன்னதில்லை. தேடிப் பார்த்தார், வெங்காயம் உரிக்கிற இடத்தில், கொடிக்குப் பக்கத்தில், எங்கேயும் இல்லை. சொல்லியிருக்கவும் முடியாது. ஏனென்றால் அந்த விளக்கு அவளுக்காக எரியவில்லை. அவர் எழுதிக்கொண்டிருந்தார், அதற்காக எரிந்தது. அவள் கடைசி பஸ்ஸில் வந்து, கதவைத் தள்ளிக்கொண்டு, நனைந்த குடையை மூலையில் சாத்தி, தானே சோற்றைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்க்கிற சத்தம் கேட்கும்போதுதான், ஓ வந்துவிட்டாள் என்று அவருக்குத் தெரியும். அந்த விளக்கைப் பற்றி அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "லைட்ட அணைச்சிட்டுப் படுக்கப்பிடாதா? ஈசல் அடையுது." ஒருநாள் அதற்குப் பதில் சொல்லாமல் எழுதிக்கொண்டே இருந்தார். அவள் போய்ப் படுத்துவிட்டாள். அன்றைக்குத்தான், மேஜை முழுக்க ஈசல் இறக்கை கிடக்க, இந்த நாலு வரியை எழுதினார். அவள் அப்படி நினைத்தால் எப்படி இருக்கும் என்று எழுதினார். நினைக்கவில்லை என்று தெரிந்ததால் எழுதினார்.

ஜெயித்துவிட்டார். பந்தயம் பந்தயம்தானே. எழுந்து நின்றார். முழங்கால் சொடுக்கியது. டீச்சர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இருங்க அண்ணாச்சி, முடிக்கல" என்றாள். "எம் புருசன் இருந்த காலத்துல நானும் கடைசி பஸ்ஸுக்கு வந்தவதான். புளியங்குடிப் பள்ளிக்கூடத்துல இருந்து. எங்க வீட்டுல விளக்கு எரிஞ்சதில்ல. அதனாலதான் இந்த எடத்த அன்னிக்குத் தாண்டிட்டேன்போல. சும்மா சோடிக்காவன்னு நெனச்சேன். இப்ப நீங்கதான் அந்தப் புருசன்னு தெரிஞ்ச பொறவு வாசிக்கேன். இது சோடன இல்ல. ஒருத்தி தெருமொனையில நின்னு கண்ணால பாத்திருக்கா. அந்த அம்மா குடுத்து வச்சவ." அவள் கண் கலங்கவில்லை. அதுதான் மோசம். நேராகப் பார்த்தாள். "இத உங்ககிட்ட வாய்விட்டுச் சொல்லியிருக்காவளா அண்ணாச்சி?"

மூன்று பேரும் பார்த்தார்கள். அவர் நின்றுகொண்டிருந்தார். 'அது நான் எழுதினது' என்கிற மூன்று சொல் தொண்டைக்குழியில் வரிசையாக, பஸ்ஸுக்குள் ஏற நிற்கிற ஆட்கள் மாதிரி நின்றது. சொன்னால் இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு நல்ல இடம் அவருக்குக் கிடைக்கும். சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும்? தெருமுனையில் யாரும் நிற்கவில்லை என்று ஆகும். ஒரு பெண் சாரலில் நின்று பார்க்கவில்லை, பெட்டி கனம் குறையவில்லை, ஒருத்தன் மேஜையில் உட்கார்ந்துகொண்டு தன்னைப் பற்றித் தன் பெண்டாட்டி நல்லவிதமாக நினைப்பதாக எழுதிக்கொண்டான் என்று ஆகும். அதைவிடக் கேவலமான எழுத்து உண்டா? ஆனால் இது அவள் எழுதினது என்றால், அவள் பார்த்திருக்கிறாள். அந்த விளக்கு அவள் பேரைச் சொல்லித்தான் எரிந்தது. அவள் சாப்பிட்டுத் தட்டைக் கவிழ்த்தபோது மனசு நிறைந்துதான் கவிழ்த்தாள். இந்த மாடியில், இந்த மூன்று பேருக்குள், அப்படி ஒரு வீடு இருந்தது. அச்சில் இருக்கிறது, சாட்சியோடு. அவர் வாயைத் திறந்து ஒன்று சொன்னால் அந்த வீட்டில் விளக்கு அணைந்துவிடும். டீச்சர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏதோ தெரியுமோ என்று ஒரு கணம் நடுங்கினார். தெரிந்தாலும் கேட்டுவிட்டாள், பதில் சொல்லத்தான் வேண்டும்.

"சொல்லியிருக்கா" என்றார் கோமதிநாயகம். குரல் எங்கோ மூட்டைகளுக்கு அடியிலிருந்து வந்தது. அது போதவில்லை என்று தோன்றியது. "அடிக்கடி சொல்லுவா. வந்ததும் வராததுமா அதத்தான் சொல்லுவா."

உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான், மேஜை மேல் கிடக்கிற பாதி நாவலுக்கு இனி ஆள் கிடையாது என்பதும், முன்னால் எழுதின அத்தனையும், குதிரைகள் உட்பட, அவளோடு போய்ச் சேர்ந்துவிட்டன என்பதும் அவருக்கு உறைத்தது. அவள் செத்த அன்றைக்கு வராத அழுகை அப்போது வந்தது. சத்தம் போட்டே அழுதார், தோள் குலுங்க, மேல்துண்டை வாயில் திணித்துக்கொண்டு. ஆவுடையப்பன் முதுகைத் தடவிக்கொடுத்தார். பாய் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். மதினியை நினைத்து அழுகிறார், அழட்டும் என்று பேசாமல் இருந்தார்கள். சரிதான், அவளை நினைத்தும்தான் அழுதார். செத்தது ஒருத்தி மட்டும் என்பது அவர்கள் கணக்கு.

சொல்லிவிட்டேன். கேட்டதைக் கேட்டதோடு வைத்துக்கொள்ளும். மீறி எவனாவது, இதை உமக்கு யார் சொன்னது என்று துருவினால், என் பேர் மட்டும் வெளியே வரவே கூடாது. உம்ம வீட்டம்மா பேரைச் சொல்லிவிடும். பேர் தெரியும்தானே?